லேசர் இருக்கட்டும், முதலில் அந்தப் புண்ணைக் காட்டுங்கள்

கேள்வி: எனக்கு வயது 58. ஏறக்குறைய 12 ஆண்டுகளுக்கு முன் மூக்கும் கன்னங்களும் அடிக்கடி சூடாகிச் சிவக்கத் தொடங்கின. பிறகு பருக்கள் வந்தன. மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய ஒரு களிம்பைத் தடவினால் இரண்டே நாளில் அடங்கிவிடும் என்பதால், அதையே விட்டு விட்டுப் பல ஆண்டுகள் பூசி வந்தேன். கடந்த ஆறேழு ஆண்டுகளாக மூக்கின் தோல் தடித்து, துளைகள் விரிந்து, நுனியிலும் இரு பக்கங்களிலும் உருண்டை உருண்டையாகப் புடைத்துவிட்டது. அழுத்தினால் நாற்றமுள்ள வெள்ளை மாவு போல் ஏதோ வெளிவருகிறது. இரவில் படுத்தால் மூச்சு அடைக்கிறது. மூக்கு நுனியை விரலால் தூக்கிப் பிடித்தால் சற்று இலகுவாகிறது. மதுவை நான் தொட்டதே இல்லை, ஆனால் பார்ப்பவர்கள் குடிகாரன் என்றே நினைக்கிறார்கள். யாராவது புகைப்படம் எடுத்தால் ஏதாவது சாக்குச் சொல்லி நழுவிவிடுகிறேன். ஒரு மருத்துவர் இதற்கு ‘ரைனோஃபைமா’ என்று பெயர் சொல்லி, லேசரில் சரிசெய்யலாம் என்றார். மாத்திரையில் குணமாகாதா? லேசர் செய்தால் மூக்கு சிதைந்துவிடாதா? மீண்டும் வளருமா? இதயத்துக்காக இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறேன். வலது மூக்கு மடலில் மூன்று மாதமாக ஒரு சிறு புண் பொருக்குத் தட்டி, உதிர்ந்து, மறுபடியும் வருகிறது. அதுவும் இதனால்தான் என்று நினைக்கிறேன்.

பதில்:

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் அந்தப் புண்தான், ஒரு தோல் மருத்துவராக என் கண்ணில் முதலில் பட்டது. மூக்கில் ஒரு புண் மூன்று மாதமாக ஆறாமல், பொருக்குத் தட்டுவதும் உதிர்வதுமாக இருந்தால், அது தடித்த தோலின் ஒரு பகுதி என்று எண்ணி விட்டுவிடக் கூடாது. முகத்தில் வரும் தோல் புற்றுநோய்களில் மிகச் சாதாரணமான ‘பேசல் செல் கார்சினோமா’ அதிகம் தோன்றும் இடங்களில் மூக்கும் ஒன்று. வழுவழுப்பான தோலில் அது முத்துப்போல் மினுங்கும் விளிம்போடு தன்னைக் காட்டிக்கொள்ளும். ஏற்கெனவே மேடும் பள்ளமுமாக, துளைகள் விரிந்து, இரத்தக் குழாய்கள் தெரியும் மூக்கிலோ எளிதாக மறைந்துகொள்ளும். ரைனோஃபைமாவுக்காகச் செதுக்கி எடுத்த திசுவை நுண்ணோக்கியில் பார்க்கும்போது, யாரும் எதிர்பாராத இடத்தில் புற்று செல்கள் இருந்தது தெரியவந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பலமுறை பதிவாகியுள்ளன.

உங்கள் புண் அப்படிப்பட்டதுதான் என்று நான் சொல்லவில்லை. விரல் நகம் பட்டோ, ஒரு பரு உடைந்தோ, மூக்குக்கண்ணாடி உரசியோ வந்த புண்ணாகவும் இருக்கலாம். ஆனால் அதைக் கண்ணால் பார்த்துத் தீர்மானிக்க முடியாது. பயாப்ஸி எனப்படும் திசுப் பரிசோதனை வேண்டும். மரத்துப்போகும் ஊசி போட்டு, மூன்று நான்கு மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு துணுக்கை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும். அவசரப்பட்டு லேசருக்குப் போக வேண்டாம் என்று சொல்வதற்கும் இதுவே காரணம். கார்பன் டை ஆக்சைடு லேசர் திசுவை ஆவியாக்கிவிடும். பரிசோதிக்கக் கையில் எதுவும் மிஞ்சாது. புண்ணும் அதோடு மறைந்துவிட்டால், அடியில் வேர் விட்டிருக்கும் ஒன்றை மேலே புதுத் தோல் மூடிக்கொள்ள, அது மறுபடி தலைகாட்டும்போது சில ஆண்டுகள் கடந்திருக்கும். பேசல் செல் வகை உடலின் பிற பகுதிகளுக்குப் பரவுவது மிக அரிது என்பது ஆறுதலான செய்தி. ஆனால் இருக்கும் இடத்தில் குடைந்துகொண்டே போகும். மூக்கு மடல் போன்ற மெல்லிய இடத்தில் அது பெரிய சேதம். முடிவு அப்படி வந்தால், எடுத்த திசுவின் ஓரங்களில் புற்று செல்கள் இல்லை என்று உறுதியாகும்வரை அதை அகற்றிய பிறகுதான் மூக்கின் வடிவத்தைப் பற்றிப் பேச முடியும்.

பயாப்ஸி எடுக்கும் மருத்துவரிடம், புடைத்திருக்கும் பகுதியிலிருந்தும் ஒரு துணுக்கை எடுக்க முடியுமா என்று கேளுங்கள். எல்லா ரைனோஃபைமாவுக்கும் இது கட்டாயமல்ல. பார்த்தவுடன் தெரிந்துவிடும் மூக்குகளே பெரும்பாலானவை. ஆனால் தொழுநோய், சார்காய்டோசிஸ் (உறுப்புகளில் சிறு அழற்சிக் கட்டிகள் தோன்றும் நோய்), தோல் காசநோய், மிக அரிதாக நிணநீர்ப் புற்று ஆகியவையும் மூக்கை வீங்கித் தடிக்கச் செய்யக்கூடியவை. எப்படியும் ஊசி போட்டு மரக்கச் செய்யும் நாளில், அந்தச் சந்தேகங்களையும் சேர்த்துத் தீர்த்துக்கொள்வது நல்லது.

இனி, ரைனோஃபைமா என்றே வைத்துக்கொண்டு பேசுவோம். நீங்கள் விவரித்திருக்கும் வரிசை அதற்குப் பொருந்துகிறது. முதலில் வந்துபோகும் சிவப்பும் சூடும், பிறகு பருக்கள், பிறகு தடிப்பு. ரோசேசியா என்னும் நாள்பட்ட தோல் அழற்சியின் ஒரு முகம் இது. 2017-ல் பல நாடுகளின் தோல் மருத்துவர்களும் கண் மருத்துவர்களும் கூடி வெளியிட்ட பரிந்துரைகள், இத்தகைய தடிப்பு ஒன்று இருந்தாலே ரோசேசியா என்று முடிவு செய்யப் போதும் என்கின்றன. ஆகவே சிவப்பு கண்ணுக்குத் தெரியவில்லை என்பதற்காக இந்நோய் இல்லை என்றாகிவிடாது. மாநிறமும் கருநிறமும் உள்ளவர்களிடம் சிவப்பு தோலின் நிறத்துக்குள் ஒளிந்துகொள்வதால், பலருக்கு நோயே மூக்கு தடித்த பிறகுதான் பெயர் பெறுகிறது. ரோசேசியா பெண்களுக்கு ஆண்களைவிடக் குறையாமல் வந்தாலும், மூக்கு இப்படித் தடிப்பது பெரும்பாலும் நடுவயதைத் தாண்டிய ஆண்களுக்கே. இது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது.

மதுவைப் பற்றி ஒரு சொல். பழி மிகப் பழையது, ஆதாரம் மிகக் குறைவு. மது அருந்தினால் முகத்தின் இரத்தக் குழாய்கள் விரிந்து ரோசேசியாவின் சிவப்பு கூடும் என்பது உண்மை. மதுவால்தான் மூக்கு தடிக்கிறது என்பது அப்படியல்ல. ஒரு துளியும் அருந்தாதவர்களின் மூக்கு உருண்டு நிற்பதையும், நாள் தவறாமல் குடிப்பவர்களின் மூக்கு கூர்மை குலையாமல் இருப்பதையும் என் அறையில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். மருத்துவர்களிலும் சிலர் இதைச் சரியாக அறியாமல், உள்ளே நுழைந்தவரிடம் முதல் கேள்வியாக “எவ்வளவு குடிப்பீர்கள்?” என்று கேட்டு அவரைத் திரும்பி வராமல் செய்துவிடுகிறார்கள். அது எங்கள் பக்கத்துத் தவறு.

மூக்கின் உள்ளே என்ன நடந்திருக்கிறது என்பது தெரிந்தால், எந்தச் சிகிச்சை எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பது தானே விளங்கும். மூக்குத் தோலில், குறிப்பாக நுனியிலும் மடல்களிலும், எண்ணெய்ச் சுரப்பிகள் நெருக்கமாகவும் பெரிதாகவும் இருக்கின்றன. நீண்டகால அழற்சியில் இந்தச் சுரப்பிகள் பருத்துப் பெருகுகின்றன. அவற்றின் வாய்கள் விரிந்து, அவற்றுக்குள் எண்ணெய்ப் பிசுக்கும் உதிர்ந்த தோல் செல்களும் அடைத்துக்கொள்கின்றன. நீங்கள் சொல்லும் ‘வெள்ளை மாவு’ அதுதான். அதில் கிருமிகள் குடியேறுவதால் நாற்றம் வருகிறது. அது சீழ் அல்ல. அதைப் பிதுக்கி எடுப்பதால் மூக்கு சிறுத்துவிடாது, அழற்சிதான் கூடும். இதனிடையே சிறு இரத்தக் குழாய்கள் விரிந்து கசிய, நிணநீர் வடிய வழியின்றித் தேங்க, அந்த நீர்க்கட்டு நாளடைவில் நார்த்திசுவாக இறுகுகிறது. ஆக, வெளியே ஒரே மாதிரி தெரியும் இரண்டு மூக்குகளில் ஒன்று பெரும்பாலும் சுரப்பியால் ஆனதாகவும், மற்றொன்று பெரும்பாலும் நாரால் ஆனதாகவும் இருக்கக்கூடும். அடியில் இருக்கும் எலும்பும் குருத்தெலும்பும் பெரும்பாலும் மாறாமல் அப்படியே இருக்கின்றன. மூக்கின் பழைய வடிவம் உள்ளே பத்திரமாகத்தான் இருக்கிறது.

நீங்கள் பல ஆண்டுகள் பூசிய களிம்பின் குழாய் இன்னும் வீட்டில் இருந்தால், அதில் எழுதியுள்ள மருந்துப் பெயரைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்பவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு. இரண்டே நாளில் சிவப்பை அடக்கி, விட்டவுடன் முன்னைவிட மோசமாகத் திருப்பிக் கொடுப்பது ஸ்டீராய்டின் இயல்பு. மாதக்கணக்கில் முகத்தில் பூசினால் ரோசேசியாவைப் போன்ற நிலையை அதுவே உண்டாக்கும், இருப்பதையும் வளர்க்கும். இன்னும் பூசிக்கொண்டிருந்தால் நிறுத்த வேண்டும். ஆனால் நிறுத்திய சில வாரங்களுக்கு முகம் கொதித்துச் சிவந்து பருக்கள் கிளம்பும். அதைப் பார்த்துப் பயந்து மீண்டும் களிம்புக்கே போனவர்கள் ஏராளம். எனவே மருத்துவரிடம் சொல்லி, படிப்படியாகக் குறைத்தோ, மாற்று மருந்தின் துணையோடோ நிறுத்துங்கள்.

மாத்திரையில் குணமாகாதா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்கு விடை உங்கள் மூக்கைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் இடையில் பிடித்துப் பார்த்தால்தான் கிடைக்கும், கடிதத்தில் கிடைக்காது. மருத்துவர் அப்படிப் பிடித்து மெல்ல அழுத்தும்போது தோல் மெத்தென்று அமுங்கி, எண்ணெய் பிதுங்கி, தொட்ட இடம் சூடாகவும் சிவப்பாகவும் இருந்தால், அழற்சி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள்; அங்கே மாத்திரைக்கு வேலை இருக்கிறது. விரலுக்கு அமுங்காமல், தொய்வில்லாத ரப்பரைப் போல இறுகி, நிறமும் தோல் நிறமாகவே இருந்தால், அது நார்த்திசு. அதைக் கரைக்கும் மாத்திரை இதுவரை இல்லை. ஆறேழு ஆண்டுகளான மூக்கில் இரண்டும் கலந்தே இருக்கும் என்பது என் ஊகம்.

அழற்சி உள்ள நிலையில் இரண்டு மாத்திரைகளைப் பயன்படுத்துகிறோம். ஒன்று டாக்சிசைக்ளின்; கிருமியைக் கொல்வதற்காக அல்ல, அழற்சியைத் தணிப்பதற்காக, குறைந்த அளவில் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை கொடுப்பது. பருக்களும் சிவப்பும் அடங்கும். மூக்கின் அளவில் பெரிய மாற்றம் எதிர்பார்க்க வேண்டாம். மற்றது ஐசோட்ரெட்டினோயின். எண்ணெய்ச் சுரப்பிகளையே சுருங்க வைப்பதால், தொடக்க நிலையில் மூக்கின் பருமன் கண்ணுக்குத் தெரியும்படி குறையும். கடும் முகப்பருவுக்குக் கொடுப்பதைவிடக் குறைந்த அளவு, அதாவது உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.25 முதல் 0.3 மில்லிகிராம் வரை, பெரும்பாலும் போதும். ஆனால் மாத்திரையை நிறுத்தினால் சுரப்பிகள் மெல்ல மெல்லப் பழைய நிலைக்குத் திரும்பும். உதடு வெடிப்பது ஏறக்குறைய எல்லோருக்கும் உண்டு, கண் வறள்வதும் பலருக்கு உண்டு. இரத்தக் கொழுப்பையும் கல்லீரலையும் இடையிடையே பரிசோதிக்க வேண்டும், இதய நோயாளியான உங்களுக்கு இது இன்னும் முக்கியம். இந்த இரண்டு மாத்திரைகளையும் ஒரே சமயத்தில் சாப்பிடக் கூடாது. மண்டையோட்டுக்குள் அழுத்தம் ஏறி, தலைவலியும் பார்வைக் கோளாறும் வரும் ஆபத்து உண்டு. கருவைக் கடுமையாகச் சிதைக்கும் மருந்து என்பதால், ஐசோட்ரெட்டினோயினை வீட்டிலுள்ள வேறு யாரும், குறிப்பாகப் பெண்கள், முகப்பருவுக்கென்று எடுத்து விழுங்கிவிடாதபடி பூட்டி வையுங்கள். சாப்பிடும் நாட்களிலும் நிறுத்திய பின் ஒரு மாதம் வரையும் இரத்த தானம் செய்யக் கூடாது.

மெட்ரோனிடசோல், ஐவர்மெக்டின், அசெலாயிக் அமிலம் போன்ற பூச்சு மருந்துகள் பருக்களுக்கும் சிவப்புக்கும் நல்லவை. தடித்த தோலை அவை குறைப்பதில்லை. விளம்பரத்தில் ‘துளைகளைச் சுருக்கும்’ என்று வருபவற்றுக்கு இங்கே வேலையே இல்லை.

ஆகவே உங்கள் மூக்கு பழைய வடிவத்துக்கு வர வேண்டுமென்றால், மிகுதியாக வளர்ந்த திசுவைச் செதுக்கி எடுக்கத்தான் வேண்டும் என்பதே என் கருத்து. ‘சிதைந்துவிடாதா’ என்ற உங்கள் அச்சம் நியாயமானது. அதற்கு விடை, எந்தக் கருவி என்பதில் இல்லை, எந்த ஆழத்தில் நிறுத்துகிறார்கள் என்பதில் இருக்கிறது. இந்த அறுவையில் தோலை முழு ஆழத்துக்கு வெட்டி எடுப்பதில்லை. மேலே பெருத்த பகுதியை மட்டும் அடுக்கடுக்காகச் சீவி, சுரப்பிகளின் அடிப்பகுதியை விட்டுவைக்கிறோம். அறுத்த புல் அடித்தூரிலிருந்து தழைப்பதைப்போல, விட்டுவைத்த அந்தச் சுரப்பிகளின், மயிர்க்கால்களின் சுவர்களிலிருந்துதான் புதிய தோல் கிளம்பி மூக்கை மூடுகிறது. தையல் இல்லை, வேறு இடத்துத் தோலை எடுத்து ஒட்டுவதும் பெரும்பாலும் இல்லை.

மருத்துவர் அந்த ஆழத்தை எப்படி அறிகிறார் என்பதைச் சொன்னால் உங்கள் பயம் சற்றுக் குறையலாம். முதல் அடுக்கைச் சீவியவுடன் மூக்கின் மேற்பரப்பு முழுக்கச் சிறு சிறு வட்டங்கள் தெரியும். அறுபட்ட சுரப்பிகளின் வாய்கள் அவை. பக்கவாட்டில் விரலால் லேசாக அழுத்தினால் ஒவ்வொரு வட்டத்திலிருந்தும் வெளிர்மஞ்சள் பிசுக்கு நூல் நூலாக எழும்பும். அப்படி எழும்பும்வரை அடியில் சுரப்பி மிச்சமிருக்கிறது, அதாவது தோல் மீண்டும் முளைக்க விதை இருக்கிறது என்று பொருள். கீழே போகப் போக வட்டங்கள் சிறுத்து, அரிதாகி, பிசுக்கு எழும்புவதும் குறையும். அங்கே கையை எடுத்துவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் எடுத்தால் இன்னும் அழகாக வருமே என்ற ஆசையில் அதைத் தாண்டிப் போனால், தோல் முளைக்க வழியில்லாமல் வெள்ளைத் தழும்பாக இறுகும். மூக்கு மடலின் விளிம்பில் அப்படி நடந்தால் விளிம்பு மேல்நோக்கி இழுக்கப்பட்டு ஒரு பக்கம் வெட்டுண்டதுபோல் நிற்கும். பிறகு அதைச் சரிசெய்வது முதல் அறுவையைவிடக் கடினம். அனுபவமுள்ளவர்கள் சற்றுக் குறைவாக எடுத்து நிறுத்தி, தேவையானால் சில மாதங்கள் கழித்து இரண்டாம் முறை மெருகேற்றுவார்கள். உங்களிடம் “ஒரே தடவையில் முழுவதும் எடுத்துவிடலாம்” என்று யாராவது சொன்னால், அதைத் திறமையின் அடையாளமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கருவிகள் பல. கூரிய கத்தியோ சவர அலகோ கொண்டு சீவலாம்; விரைவு, திசுவும் பரிசோதனைக்குக் கிடைக்கும், ஆனால் இரத்தம் நிறைய வரும். மின்சாரம் பாயும் கம்பி வளையத்தால் சீவினால் வெட்டும்போதே இரத்தக் குழாய்கள் மூடிக்கொள்ளும். கார்பன் டை ஆக்சைடு லேசரின் 10,600 நானோமீட்டர் அலைநீள ஒளியைத் திசுவிலுள்ள நீர் உறிஞ்சிக்கொண்டு ஆவியாகிறது; இரத்தம் மிகக் குறைவு, ஓரங்களை நுணுக்கமாகச் சமன் செய்யலாம், ஆனால் நேரம் பிடிக்கும், சூடு ஆழமாக இறங்கினால் தழும்பு வரும். 2,940 நானோமீட்டர் எர்பியம் லேசரில் சூட்டுக் காயம் குறைவு, இரத்தக் கசிவு அதிகம். சுழலும் தேய்ப்பானால் கடைசியில் மேடு பள்ளங்களை நிரவுவதும் உண்டு. ஒரே மூக்கின் ஒரு பாதியில் லேசரையும் மறுபாதியில் மின்வளையத்தையும் பயன்படுத்தி ஒப்பிட்டுப் பார்த்த மருத்துவர்கள், முடிவில் தோற்றத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் காணவில்லை. எனவே ‘லேசர்’ என்ற சொல்லுக்காக மட்டும் ஒருவரைத் தேடிப் போகாதீர்கள். உங்கள் நிலையில் நான் விரும்பும் வழி, பெரிய உருண்டைகளை முதலில் கத்தியாலோ வளையத்தாலோ சீவி எடுத்து அவற்றை ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டு, பிறகு லேசரால் சீர்செய்வது. புண்ணின் பயாப்ஸி சுத்தம் என்று வந்தாலும், எடுத்த திசு குப்பைக்குப் போகக் கூடாது. இதை அறுவைக்கு முன்பே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

இரத்தம் உறையாமலிருக்க நீங்கள் சாப்பிடும் மாத்திரையை, தோலுக்காக நீங்களாக ஒரு நாளும் நிறுத்தக் கூடாது. மூக்கில் வரும் இரத்தக் கசிவை அழுத்தியோ, சுட்டோ அடக்கிவிடலாம். இதயத்திலோ மூளையிலோ உறையும் இரத்தத்தை அப்படி அடக்க முடியாது. மாத்திரையின் பெயரைத் தோல் மருத்துவரிடமும், அறுவையின் தன்மையை இதய மருத்துவரிடமும் சொல்லி, அவர்கள் இருவரும் பேசி முடிவெடுக்கட்டும். பெரும்பாலும் தொடர்ந்து சாப்பிடச் சொல்லி, இரத்தம் குறைவாக வரும் முறையைத் தேர்ந்தெடுப்பார்கள். வாயோரத்தில் அக்கி வரும் வழக்கம் உங்களுக்கு இருந்தால் அதையும் சொல்லுங்கள், முன்னதாகவே மாத்திரை தருவார்கள். ஐசோட்ரெட்டினோயின் சாப்பிட்டு முடித்தவர்களுக்கு, ஆழமாகச் செதுக்கும் அறுவைக்கு முன் ஆறு மாதமாவது இடைவெளி விடுவது நெடுநாள் வழக்கம். ஆகவே ‘சும்மா மாத்திரையை முயன்று பார்ப்போம்’ என்று தொடங்கும் முன், அது அறுவையைத் தள்ளிப்போடும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

அறுவை பெரும்பாலும் மரத்துப்போகும் ஊசியிலேயே முடிந்துவிடும். உண்மையைச் சொல்வதானால், அந்த ஊசிதான் வலிக்கும். மூக்கில் குத்தினால் எவ்வளவு உறுதியானவருக்கும் கண்ணில் நீர் வந்துவிடும். கண்ணுக்குக் கீழே நரம்பை முதலில் மரக்கச் செய்துவிட்டு மூக்குக்கு வந்தால் வலி வெகுவாகக் குறையும். அதன்பின் இழுப்பதும் அழுத்துவதும் மட்டும் தெரியும். லேசர் என்றால் தீய்ந்த வாடை வரும், அதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் திடுக்கிட வேண்டியதில்லை.

முதல் வாரம் கண்ணாடியைப் பார்க்காமலிருப்பது நல்லது என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. மூக்கு முழுவதும் பச்சைப் புண்ணாக, நிணநீர் கசிந்துகொண்டிருக்கும். அதைக் காய விட்டால் பொருக்குக் கட்டும், பொருக்கின் அடியில் தோல் மெதுவாகவே வளரும்; ஆகவே உப்புநீரால் மெல்ல ஒற்றித் துடைத்துவிட்டு, வாஸ்லின் போன்ற பெட்ரோலியம் ஜெல்லியைத் தடித்த பூச்சாகப் பூசி, ஒட்டாத கட்டுத்துணியால் மூடிவைப்பதை ஒரு நாளைக்குப் பலமுறை செய்ய வேண்டியிருக்கும். இரண்டு முதல் நான்கு வாரத்தில் புதுத் தோல் மூடிவிடும். அதன் பிறகும் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை இளஞ்சிவப்பாக இருக்கும். புகை பிடிப்பவராக இருந்தால், அறுவைக்குச் சில வாரங்கள் முன்பே நிறுத்துங்கள். புகையிலை சிறு இரத்தக் குழாய்களைச் சுருக்கி ஆறுவதைத் தாமதப்படுத்துகிறது. கட்டு மாற்றும்போது வலி கூடிக்கொண்டே போவது, சீழ் வருவது, காய்ச்சல், கொத்துக் கொத்தாக நீர்க்கொப்புளங்கள் எழுவது, அழுத்தியும் நிற்காத இரத்தம் ஆகியவற்றில் எது வந்தாலும் அடுத்த சந்திப்பு நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

நிறம் பற்றியும் ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறேன். செதுக்கிய தோல் சுற்றியுள்ள தோலைவிடச் சற்று வெளுத்தோ, சில மாதங்களுக்குக் கறுத்தோ போகக்கூடும். தோலின் நிறம் அடர்த்தியாக இருந்தால் இந்த வாய்ப்பு அதிகம். கறுத்தது பெரும்பாலும் மாதங்களில் தெளிந்துவிடும், வெளுத்தது நிலைத்துவிடலாம். புதுத் தோல் மூடிய நாளிலிருந்து, துத்தநாக ஆக்சைடோ டைட்டானியம் டை ஆக்சைடோ உள்ள, எஸ்.பி.எஃப் 30-க்குக் குறையாத வெயில்காப்புப் பூச்சை நாள்தோறும் பூசுவதும், அகன்ற விளிம்புள்ள தொப்பி அணிவதும் இரண்டையும் குறைக்கும். ரோசேசியாவைத் தூண்டுவதில் வெயிலுக்கே முதலிடம் என்பதால், இந்தப் பழக்கம் அறுவையோடு முடிவதல்ல.

மீண்டும் வளருமா? வளரக்கூடும். தோல் முளைக்க வேண்டுமென்று நாம்தான் சுரப்பிகளின் அடியை விட்டுவைக்கிறோம்; ரோசேசியாவும் கத்தியால் போவதில்லை. ஆனால் இப்போதைய அளவுக்கு வர உங்களுக்கு எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதை நினைத்துப் பாருங்கள். சிவப்பும் பருக்களும் எழும்போதே அடக்கி, ஸ்டீராய்டின் பக்கம் போகாமல், வெயில், அனல், கொதிக்கும் பானம் என உங்கள் முகத்தைச் சிவக்கச் செய்வது எது என்று கண்டு விலக்கி வந்தால், பெரும்பாலோருக்கு ஒருமுறை செய்த அறுவை நெடுங்காலம் நிற்கிறது. சிலருக்குச் சில ஆண்டுகள் கழித்துச் சிறு திருத்தம் தேவைப்படும்.

நுனியைத் தூக்கினால் மூச்சு இலகுவாகிறது என்று எழுதியிருப்பது நல்ல அவதானிப்பு. தடித்த தோலின் பாரம் மூக்குத் துவாரங்களைக் கீழே அமுக்குகிறது என்பதற்கு அதுவே சான்று. பாரம் குறைந்தால் அடைப்பும் பெரும்பாலும் குறையும். தூக்கிப் பிடித்தும் ஒரு பக்கம் மட்டும் அடைத்தே இருந்தால், உள்ளே நடுச்சுவர் வளைந்திருக்கிறதா என்று காது மூக்கு தொண்டை மருத்துவர் ஒருமுறை பார்ப்பது நல்லது. சில இடங்களில் மருத்துவக் காப்பீடு இந்த அறுவையை அழகுக்கானது என்று ஒதுக்கிவிடும் என்பதால், மூச்சடைப்பை மருத்துவக் குறிப்பில் எழுதச் சொல்வதும் உதவும். கண்களில் மணல் விழுந்ததுபோல் உறுத்தல், இமை ஓரம் சிவந்து செதில் உதிர்தல், அடிக்கடி கண்கட்டி ஆகியவை இருந்தால் கண் மருத்துவரையும் பாருங்கள். ரோசேசியா கண்ணையும் தாக்கும், கவனிக்காமல் விட்டால் கருவிழி வரை போகும்.

கடைசியாக, புகைப்படம். அமெரிக்க வங்கியாளர் ஜே. பி. மார்கனுக்கு (1837–1913) இதே மூக்குதான் இருந்தது; அவர் புகைப்படக் கருவியை வெறுத்தார், வெளியான படங்களில் மூக்கைத் திருத்தி மெருகேற்ற வைத்தார். உங்களுக்கும் அந்தச் சங்கடம் இருப்பது எனக்குப் புரிகிறது, ஆனாலும் இரண்டு வகைப் படங்கள் தேவைப்படும். அறுவைக்கு முன் மருத்துவர் உங்கள் மூக்கை முன்னாலிருந்தும், இரு பக்கங்களிலிருந்தும், கீழிருந்தும் படம் எடுப்பார். அப்போது நழுவிவிடாதீர்கள், எவ்வளவு எடுத்தோம், எங்கே ஆறியது என்று பின்னால் ஒப்பிட அவை வேண்டும். இன்னொன்றை நீங்கள் வீட்டில் தேடி எடுக்க வேண்டும். நாற்பது நாற்பத்தைந்து வயதில், மூக்கு தடிப்பதற்கு முன் எடுத்த படம், முடிந்தால் பக்கவாட்டில் திரும்பி நிற்பதாக ஒன்றும் நேராகப் பார்ப்பதாக ஒன்றும். நுனி எவ்வளவு நீண்டிருந்தது, மடலின் வளைவு எங்கே திரும்பியது என்பதைப் பார்த்துச் செதுக்க அதைவிட நல்ல அளவுகோல் கிடையாது. பழைய அடையாள அட்டையில் உள்ள சிறு படமானாலும் எடுத்துச் செல்லுங்கள். ஆனால் அதற்கு முன், இந்த வாரத்துக்குள், அந்தப் புண்.